குருதியும் ஓர் அமானிதம்



எங்கள் பாலசமுத்திரத்தில் இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி, மதரஸா கூடத்தில் இரத்ததான முகாம் ஒன்று நடத்துவதென்று முடிவு செய்தனர். ஜமாஅத் நிர்வாகிகளும் இசைந்தனர். ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பும் செய்தாயிற்று. கொடையாளர் நிரப்ப வேண்டிய படிவங்களை இரத்த வங்கியிலிருந்து முன்கூட்டியே வாங்கி வந்து, பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாக வழங்கியிருந்தனர். அன்றிரவு இஷாத் தொழுகை முடிந்து, பள்ளியில் விளக்குகளை அணைக்கும் நேரத்தில், என்னிடம் முன்பு ஓதிய ஓர் இளைஞர் தூணருகே தயங்கி நின்றார்.

“ஹஜ்ரத், இந்தப் படிவத்தில் ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்றுதான் நான் எழுத வேண்டும். எழுதினால் என் இரத்தத்தை எடுக்க மாட்டார்கள். எடுக்காமல் திருப்பி அனுப்பினால் ஊரில் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் என்ன? எப்படியும் அவர்கள் சோதித்துத்தானே பார்க்கப் போகிறார்கள்?”

அது என்ன கேள்வி என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையிலானது. ஆனால் எப்படியும் சோதிப்பார்களே என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்வி நம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

2018-ஆம் ஆண்டு டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தசோகை. இரத்தம் ஏற்ற வேண்டும் என்றனர் மருத்துவர்கள். சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் டிசம்பர் 3 அன்று அவருக்கு ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. உயிர் காக்கப் போனவர், வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டிய நோயைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்.

அந்த இரத்தத்தைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். இருபது வயதும் நிறையாதவர். உறவினர் ஒருவருக்காக நவம்பர் 30 அன்று சிவகாசியில் இரத்தம் கொடுத்திருந்தார். சில நாட்கள் கழித்து, வெளிநாட்டு வேலைக்குச் செல்வதற்காக மருத்துவச் சோதனை செய்துகொண்டபோதுதான் தமக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. வாசகர்களே, அந்த நிலையில் ஒரு மனிதனுக்கு என்ன தோன்றும்? கனவு கண்ட வேலை போயிற்று. ஊரார் என்ன சொல்வார்கள். பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பது? இவை எல்லாவற்றுக்கும் நடுவே அந்த இளைஞருக்குத் தாம் கொடுத்த இரத்தம் நினைவுக்கு வந்தது. அதை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று இரத்த வங்கிக்குத் தாமே சென்று சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

2016-ஆம் ஆண்டிலேயே ஒரு முகாமில் அவர் இரத்தம் கொடுத்திருந்தார் என்பதும், அப்போதே கிருமி இருப்பது தெரிந்தும் அச்செய்தி அவரைச் சென்று சேரவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகள் அவர் அறியாமலேயே இருந்தார். அறிந்த பிறகோ ஒரு நாளும் மறைக்கவில்லை. செய்தி நாடெங்கும் பரவிய சில நாட்களில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார்.

தற்கொலை நம் மார்க்கத்தில் எத்துணைக் கொடியது என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன் நான். அதிலே எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆயினும் அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் ஒரு முள் நெஞ்சில் கிடக்கிறது. அத்தனை பேர் தொடர்புடைய அந்தச் சங்கிலியில், தம் கடமையை எவரும் கேளாமலே நிறைவேற்றியவர் அந்த இளைஞர். அவருக்குத்தான் தலைநிமிர்ந்து வாழ இடமில்லாமல் போயிற்று! உண்மை சொன்னவருக்கு நாம் கொடுத்த பரிசு அது.

அந்தச் சகோதரிக்கு 2019 ஜனவரி 17 அன்று மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. அல்ஹம்து லில்லாஹ், குழந்தைக்குக் கிருமி தொற்றவில்லை. தாய்க்குத் தக்க காலத்தில் மருந்து கொடுத்ததன் பலன் அது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் குடியிருக்க வீடும் வழங்க உத்தரவிட்டது. இரத்த வங்கிப் பணியாளர்கள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது.

இப்போது என் மாணவரின் கேள்விக்கு வருவோம். சோதிக்கிறார்கள், உண்மைதான். நம் நாட்டில் தானமாகப் பெறப்படும் ஒவ்வோர் இரத்தப் பையிலும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை செய்தாக வேண்டும் என்பது சட்டம். எச்.ஐ.வி. சோதனை 1989 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கிருமி உடலில் புகுந்த அன்றே அது சோதனையில் தெரிவதில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளைத்தான் வழக்கமான சோதனை தேடுகிறது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் இரத்தம் கொடுத்தால், சோதனைத் தாளில் ‘நோயில்லை’ என்று வரும். பையிலோ நோய் இருக்கும். இந்த இடைவெளியைச் சில நாட்களாகச் சுருக்கும் ‘நாட்’ என்னும் நுட்பமான சோதனை இப்போது வந்திருக்கிறது. ஆனால் எல்லா இரத்த வங்கிகளிலும் அந்த வசதி இல்லை.

சோதனைக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும்? கொடுப்பவருக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் ஊசி குத்துவதற்கு முன் அந்தப் படிவத்தைக் கொடுக்கிறார்கள். படிவம்தான் முதல் சோதனை, ஆய்வகம் இரண்டாவது. முதலாவதில் பொய் எழுதினால் இரண்டாவது தனியே நின்று தடுமாறும்.

சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள்ளே கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் இருந்ததும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னதும், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்ற பொருளில் அவர்கள் கடிந்துகொண்டதும் நாம் அறிந்த வரலாறு. ஒரு படி தானியத்தின் ஈரத்துக்கே அந்தக் கண்டிப்பு! இரத்தப் பையை வாங்குபவர் உள்ளே கையை விட்டுப் பார்க்க முடியாது. பெரும்பாலும் அவர் நினைவிழந்து படுத்திருப்பார். அல்லது பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் மார்க்கச் சட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவோம், ஏனெனில் இன்றும் சில பெரியவர்கள் இரத்ததானம் கூடுமா என்று கேட்கிறார்கள். உடலிலிருந்து வழிந்தோடும் இரத்தம் அசுத்தம் என்பதும், அதை உண்பது ஹராம் என்பதும் மாற்றமில்லாதவை. ஆனால் உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் ஒருவர் இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றுவது கூடும் என்று நம் காலத்து உலமாக்கள் பெரும்பாலும் ஒருமித்துத் தீர்ப்பளித்துள்ளனர். விற்பதுதான் கூடாது. இரத்தத்தின் விலையை நபியவர்கள் தடுத்தார்கள் என்று அபூ ஜுஹைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. இரத்தம் குத்தி எடுப்பவருக்கான கூலியையே அது குறிக்கும் என்று விளக்கியவர்களும் உண்டு. இரத்தத்தையே விற்பதைக் குறிக்கும் என்று கொண்டவர்களும் உண்டு. இரண்டாவது விளக்கத்தின் ஆழம் எய்ட்ஸ் நோய் வந்த பிறகே எனக்கு விளங்கியது.

நம் நாட்டில் ஒரு காலத்தில் இரத்தம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தனர். பசிக்கும் குடிக்கும் பணம் தேடி, வாரத்துக்கொரு முறை வேறு வேறு பெயரில், வேறு வேறு மருத்துவமனையில் கையை நீட்டுவார்கள். பணத்துக்காக வருபவன் படிவத்தில் உண்மை எழுதுவானா? 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு, இந்நோய் இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பது நம் தமிழ் மண்ணில்தான் முதன்முதலாக உறுதியாயிற்று. அதன் பிறகும் இரத்த வியாபாரம் ஓயவில்லை. பொதுநல வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1996 ஜனவரி 4 அன்று தீர்ப்பளித்து, தொழில்முறைக் கொடையாளர்களை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு இரத்தம் பெறுவது தடை செய்யப்பட்டது.

ஆனால் தடை வந்ததும் வியாபாரம் வேடம் மாறியது. நோயாளிக்கு இரத்தம் வேண்டுமானால் உறவினர் ஒருவர் பதிலுக்குக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறதல்லவா? ஊசிக்கு அஞ்சும் மாமனும் மச்சானும் மருத்துவமனை வாசலில் யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்து, “இவர் எங்கள் சின்னத்தா மகன்” என்று உள்ளே அனுப்பிவிடுவார்கள். வசதியுள்ள குடும்பத்தார்கூட இதைச் செய்யக் கேள்விப்பட்டிருக்கிறேன். நோயாளிக்குத் தாங்கள் விலை கொடுத்து வாங்குவது எதை என்று அவர்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தார்களில்லை. ஆண்டுக்கு இருமுறை தாமாக முன்வந்து கொடுக்கும் பழக்கம் ஓர் ஊரில் வேரூன்றிவிட்டால், இந்த அவசரமே எழாது. நம் சமுதாய இளைஞர்கள் தமிழகமெங்கும் இப்பணியில் முன்னிற்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடத்தான் வேண்டும்.

தொழில்முறை இரத்தத்தின் தீமை நம் நாட்டோடு நின்றதுமில்லை. செல்வமும் அறிவியலும் மிகுந்த பிரிட்டனிலேயே, காசு கொடுத்துப் பெற்ற இரத்தத்திலிருந்து தயாரித்து அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான மருந்தாலும், உள்நாட்டில் சரிவரச் சோதிக்காத இரத்தத்தாலும் 30,000-க்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் கிருமிகளுக்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர் என்றும் 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. அதிகாரிகள் உண்மையை மறைத்தார்கள் என்பதே அவ்வறிக்கையின் முதன்மையான குற்றச்சாட்டு.

மறைப்பது ஏன்? அதிகாரி தம் நாற்காலிக்கு அஞ்சி மறைக்கிறார். நம்மைப் போன்றவர்கள் எதற்கு அஞ்சி மறைக்கிறோம்?

எனக்கு 17 வயதிருக்கும். வேறோர் ஊரில் ஓதிக்கொண்டிருந்தேன். அங்கே மும்பையில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய ஒருவர், உடல் உருகி, வீட்டின் பின்கட்டில் கிடந்து இறந்துபோனார். ‘அந்த வியாதி’ என்று ஊரில் முணுமுணுத்தனர். பெயரைச் சொல்லக்கூட அஞ்சிய காலம் அது. குளிப்பாட்ட வழக்கமாக வருபவர் வரவில்லை. சந்தூக்கைக் கொடுக்கலாமா என்று பள்ளியில் ஒரு வாக்குவாதம். என் உஸ்தாது பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடைத்தெருவில் ஆள் அனுப்பிக் கையுறை வாங்கிவரச் செய்து, “தம்பி, நீ தண்ணீர் ஊற்று” என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்.

நான் அஞ்சினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு கிணற்றடியில் நின்று கை சிவக்கும்வரை தேய்த்துக் கழுவினேன். உஸ்தாதோ சாதாரண மையித்தைக் குளிப்பாட்டும் அதே நிதானத்தோடு, வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம் என்று முறை தவறாமல் செய்தார். ஜனாஸாத் தொழுகைக்கு நின்றவர்களை எண்ணினேன்: ஒன்பது பேர். அடக்கம் முடிந்து நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பியபோது, இறந்தவரின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு தம்ளர் தேநீர் நீட்டினார். உஸ்தாது வாங்கிக் குடித்தார். என்னையும் குடி என்றார். குடித்தேன்.

அந்தச் சகோதரியைப் பற்றி இன்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. அவருக்கும் நோய் இருந்திருக்கக் கூடும். அவரை யார் சோதனைக்கு அழைத்துப் போனார்கள்? அழைத்துப் போயிருந்தாலும் அன்று ஏழைக்கு மருந்து ஏது? கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். தாம்பரம் மருத்துவமனை அப்போது தொடங்கிய முதல் மையங்களுள் ஒன்று. அதற்குப் பிறகு அவர் என்னவானார் என்று நான் விசாரிக்கவே இல்லை. ஓதி முடித்து ஊர் மாறினேன், மறந்துவிட்டேன். அது என் குறை.

அந்த ஊரார் கொடியவர்கள் அல்லர். நோயைப் பற்றி அறியாதவர்கள். அரசாங்கமே அன்று அறியாமையில்தான் இருந்தது. கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசோசா என்னும் இளைஞர் வழக்கமாக இரத்தம் கொடுப்பவர். 1989-ஆம் ஆண்டில் அவருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும், அவரை ஒரு பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாட்கள் அடைத்து வைத்துக் காவல் போட்டார்கள். அப்படிச் செய்ய அன்று அங்கே சட்டமே இருந்தது! தானம் செய்தவருக்குச் சிறை! அவர் நீதிமன்றம் சென்று போராடி வெளிவந்து, நோயுற்றோருக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, 1992-இல் இறந்தார். அவரைப் போல ஒருவரை அடைத்து வைத்ததைக் கண்ட பிறகு, கோவாவில் எத்தனை பேர் தாமாகச் சோதனைக்கு வந்திருப்பார்கள்?

தொழுநோயாளியிடமிருந்து விலகியிருக்கச் சொல்லும் நபிமொழியைச் சிலர் இதற்குச் சான்று காட்டுவார்கள். நம் ஃபுகஹாக்கள் இதை ஆராயாமல் விடவில்லை. 1995-ஆம் ஆண்டு ஏப்ரலில் அபுதாபியில் கூடிய உலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் ஒன்பதாவது அமர்வு, எய்ட்ஸ் நோய் குறித்துத் தனியே தீர்மானம் நிறைவேற்றியது. தொடுவதாலும் உடன் உண்பதாலும் ஒன்றாகத் தங்குவதாலும் இந்நோய் பரவுவதில்லை என்று மருத்துவர்கள் உறுதி கூறுவதால், நோயாளியை மக்களிடமிருந்து தனிமைப்படுத்துவது மார்க்க ரீதியில் அவசியமன்று என்பது அதன் கருத்து. அதே தீர்மானம், தெரிந்துகொண்டே பிறருக்குப் பரப்புவதைப் பெரும் பாவமாகவும் தண்டனைக்குரிய குற்றமாகவும் அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நோயாளியின் கடமை ஒன்று, ஊரின் கடமை ஒன்று. ஊர் தன் கடமையைச் செய்யாவிட்டால் நோயாளி தன் கடமையைச் செய்வது மலையேறுவது போலாகிவிடும்.

ஒளுச் செய்யும் ஹவுளில் அவர் கை நனைத்தால் பரவுமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார், அதுவும் இந்தக் காலத்தில்! பரவாது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றால் பரவாது. ஒரே ஸஹனில் உண்டால் பரவாது. கொசுவாலும் பரவாது. நான்கே வழிகள்: உடலுறவு, இரத்தம், கிருமியுள்ள ஊசி அல்லது கத்தி, தாயிடமிருந்து சேய்க்கு. இரத்தம் கொடுப்பதால் கொடுப்பவருக்கு நோய் வரும் என்று அஞ்சும் தாய்மார்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியும் புதிய பையுமே பயன்படுத்தப்படுவதால் அந்த அச்சம் வேண்டாம்.

கத்தி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நம் பிள்ளைகளின் கத்னாவுக்கு ஒரே சவரக்கத்தியைப் பல வீடுகளுக்கும் கொண்டு சென்ற காலம் பெரும்பாலும் மறைந்து, மருத்துவரிடம் செல்லும் வழக்கம் வந்துவிட்டது. நல்லது. ஆனால் அண்மைக் காலமாக ஹிஜாமா செய்துகொள்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஸுன்னத் என்ற ஆர்வம் பாராட்டத்தக்கதே. புதிய பிளேடு உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா, குவளையும் உங்களுக்கெனப் புதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹிஜாமா செய்துகொண்டவரும் பச்சை குத்திக்கொண்டவரும் இரத்தம் கொடுக்க வரும்போது மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட காலம் காத்திருக்கச் சொல்வார்கள்.

பாவத்தின் சம்பளம் இது, நாம் ஏன் பரிவு காட்ட வேண்டும் என்போரும் உளர். சாத்தூர்ச் சகோதரி செய்த பாவம் என்ன? கணவன் கொண்டுவந்த நோயைத் தாங்கிய மனைவியரும், கருவிலேயே பெற்ற குழந்தைகளும் செய்ததென்ன? தவறே செய்தவராயினும், அவருடைய கணக்கைத் தணிக்கை செய்ய நம்மை யார் நியமித்தார்கள்? நோயாளியைப் பார்க்கச் சென்றால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை. எப்படி வந்தது என்று கேட்பதன்று.

இந்நோய் இன்று பழைய நோய் அன்று என்பதையும் வீட்டுப் பெண்கள் அறிந்திருப்பது நலம். சோதனை செய்துகொள்ள அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ இருக்கிறது. கட்டணம் இல்லை, விவரம் இரகசியமாக வைக்கப்படும். 1097 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்டால் வழி சொல்வார்கள். அதற்கும் கட்டணம் இல்லை. நோய் உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசம். நாள் தவறாமல் உண்பவர் உழைத்து, குடும்பம் நடத்தி, நெடுங்காலம் வாழலாம். சோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி குறைந்து அந்நிலையிலேயே இருந்தால், உறவின் மூலம் துணைக்குப் பரவுவதில்லை என்பதும் மருத்துவ உலகில் நிலைநாட்டப்பட்டுவிட்டது. ஆயினும் அத்தகையவர் இரத்தம் மட்டும் கொடுக்கலாகாது. கர்ப்பிணி தொடக்கத்திலேயே மருந்தெடுத்தால் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். பெற்றோரை இழந்த, நோயால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உதவத் தமிழக அரசு 2009-இல் ஓர் அறக்கட்டளையே நிறுவியுள்ளது. நம் பைத்துல்மாலிலிருந்து அத்தகைய பிள்ளையின் படிப்புக்கு உதவும்போது, ரசீதில் காரணம் எழுதவேண்டியதில்லை. ‘கல்வி உதவி’ என்ற இரண்டு சொற்கள் போதும்.

நாடாளுமன்றம் 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வாடகை வீட்டிலோ இவர்களை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. ஒருவருடைய நோயை அவர் இசைவின்றி வெளியிடுவதும் கூடாது. நிக்காஹ் பேச்சின்போது மருத்துவச் சான்று கேட்கலாமா என்று ஜமாஅத்தார் சிலர் கேட்கின்றனர். மணமக்கள் இருவரும் தாமாக விரும்பிச் சோதித்து, தங்களுக்குள் மறைவின்றிப் பரிமாறிக்கொள்வதை நான் வரவேற்பேன். மறைத்து மணம் முடிப்பது மோசடி. ஆனால் அந்தத் தாளைத் தப்தரோடு வைத்துப் பத்துப் பேர் புரட்டிப் பார்க்கும் ஏற்பாட்டுக்கு நான் உடன்படமாட்டேன். அந்த ஒரு தாளுக்கு அஞ்சியே பலர் சோதனைக்கே போகாமல் இருந்துவிடுவார்கள்.

நோன்பு வைத்துக்கொண்டு இரத்தம் கொடுக்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நம் ஹனஃபி, ஷாஃபியீ மத்ஹபுகளின்படி நோன்பு முறியாது. ஆனால் உடல் தளரும் என்றால் அது வெறுக்கத்தக்கது. இஃப்தாருக்குப் பின் கொடுப்பதே தக்கது. உயிருக்குப் போராடுபவருக்கு என்றால் பகலென்ன, இரவென்ன?

அந்த இளைஞரிடம் அன்றிரவு நான் சொன்னது இவ்வளவே: “தம்பி, ‘ஆம்’ என்று எழுது. உன்னைத் திருப்பி அனுப்புவது யாருக்கும் தெரியாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். படிவத்தின் கடைசியில், சோதனை முடிவை உனக்குத் தெரிவிக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். இரத்தம் கொடுக்கிற உன் தோழர்களிடம், அதற்கும் ‘ஆம்’ எழுதி, சரியான முகவரியும் தொலைபேசி எண்ணும் தரச் சொல். 2016-இல் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு பேர் வாழ்வு வேறாகியிருக்கும்.”

மறுநாள் நிர்வாகிகளிடம் பேசினேன். மருத்துவர் ஒவ்வொருவரையும் தனியே பார்ப்பதற்கு மதரஸாவின் கிதாபு அறையை ஒழித்துக் கொடுத்தோம். கதவுக்குத் திரையும் போட்டாயிற்று. படிவங்களை மருத்துவர் தவிர யாரும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம். ஆர்வ மிகுதியில் எல்லாப் படிவங்களையும் தாமே சேகரித்து அடுக்கி வைத்திருந்த செயலாளருக்கு இதில் சற்று வருத்தம்தான்.

எந்த முகாமிலும் சிலர் திருப்பி அனுப்பப்படுவார்கள். இரத்தத்தில் சத்துக் குறைவு, எடை 45 கிலோவுக்குக் குறைவு, இரவு உறக்கமின்மை, மூன்று மாதங்கள் ஆவதற்குள் மீண்டும் வந்தது என்று காரணம் எத்தனையோ. அன்று எங்கள் முகாமிலும் ஏழு பேர் அப்படித் திரும்பினர். அவர்களில் ஒருவர் எங்கள் முத்தவல்லி! இரத்த அழுத்தம் கூடியிருந்ததாம். அவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, “என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்” என்று உரக்கச் சிரித்தார். கூடத்தில் இருந்தவர்களும் சிரித்தனர். அதற்குப் பிறகு உள்ளே போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வந்தவர்களை எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அந்த இளைஞரும் அப்படித்தான் வந்தார். இரத்தம் கொடுத்துப் படுத்திருந்தவர்களுக்கு ஆயக்குடிக் கொய்யாவை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னருகே வந்தபோது தட்டை நீட்டினார். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் பழநிக்குப் போய் வந்ததாகப் பிறகு சொன்னார்.